பத்து மில்லி தண்ணீர்

சாகக் கிடந்த ஒரு பச்சைக் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றிய குற்றத்துக்காக ஒரு பெண்ணைச் சபை நடுவில் நிறுத்தி விசாரித்தார்கள் என்றால் நம்புவீர்களா? நிறுத்தினார்கள். விசாரித்தவர் யாரோ எவரோ இல்லை, அவளுடைய கூடப் பிறந்த அண்ணன். கெட்டவரும் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுக் கதையை இங்கேயே முடித்திருக்கலாம்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். இருபத்தெட்டு வருஷமாக அதே வார்டில்தான் குப்பை கொட்டுகிறாள். புதிதாக வரும் டாக்டர்கள் அவளுக்குப் பயப்படுவார்கள், ஆயாக்கள் அதைவிடப் பயப்படுவார்கள். வாய் கொஞ்சம் நீளம். கை மட்டும் பஞ்சு. ஊசி போட்டதே தெரியவில்லை என்று பிள்ளை பெற்றவர்கள் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமையானால் அவளுக்குச் சபை. பெந்தெகொஸ்தே சபை. டயர் கடைக்கு மேலே, மாடியில், நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்ட ஹால். ரப்பர் வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்து எல்லோரோடும் சேர்ந்து ஜெபிக்கும். அண்ணன்தான் பாஸ்டர். வார நாளில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்வார், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்வார். அவள் புருஷன் லாரி விபத்தில் போனபோது அந்த ஹாலில்தான் ஒரு வருஷம் உட்கார்ந்து அழுதாள். ஒருவர்கூட "போதும் நிறுத்து" என்று சொல்லவில்லை. பிள்ளை குட்டி இல்லை. அந்த நாற்பது நாற்காலிதான் அவளுக்குக் குடும்பம். மாதத்தின் முதல் ஞாயிறு கர்த்தருடைய பந்தி. அப்பமும் திராட்சை ரசமும் தட்டில் வரிசை வரிசையாக வரும். அந்தத் தட்டு கைக்கு வந்தால்தான் அவளுக்கு அந்த மாதம் பிறந்த மாதிரி.

அந்தச் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்து, விசுவாசிக்கிறேன் என்று தன் வாயால் சொன்னவரைத்தான் தண்ணீரில் முழுக்கி எடுப்பார்கள். கைக்குழந்தை தலையில் தண்ணீர் விடுவதெல்லாம் கத்தோலிக்கர் வேலை. கத்தோலிக்கர் கிறிஸ்தவர்களா என்று அங்கே யாரையாவது கேட்டுப் பாருங்கள், "அவங்க கிறிஸ்டின் இல்லீங்க, அவங்க கத்தோலிக்" என்று பதில் வரும். இத்தனைக்கும் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கக் கோவிலிலிருந்து வந்தவர்கள்தான்.

இனி அந்த மத்தியானத்துக்கு வருவோம்.

இரண்டு மணிக்கு அவள் டியூட்டி முடிந்தது. அடுத்த நர்ஸிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வார்டுச் செருப்பைக் கழற்றும்போது ஆபரேஷன் அறையிலிருந்து ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். இருபத்துநாலு வாரம். அறுநூற்று நாற்பது கிராம். பெண். சூடு கொடுக்கும் விளக்கின் கீழே வைத்துப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம் என்றார். அவள் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

தாய்க்காரி ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். இதற்கு முன்னால் இரண்டு கலைந்துபோய்விட்டன. புருஷன் கப்பலில் வேலை, நடுக்கடலில் இருந்தான். இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்க் கிடந்தாள், ஆனால் நினைவு தெளிவாக இருந்தது.

"எங்க ஃபாதரைக் கூப்பிடுங்க சிஸ்டர்."

கூப்பிட்டார்கள். போன் அணைத்திருந்தது. ஃபாதர் எங்கோ ஒரு சவ அடக்கத்துக்குப் போயிருக்கிறார், திரும்ப மாலையாகும் என்று கோவில் ஆபீஸில் சொன்னார்கள்.

"அப்ப நீங்க ஞானஸ்நானத் தண்ணி ஊத்துங்க சிஸ்டர். நீங்க கிறிஸ்டின்தானே?"

"நான் உங்க கோவில் இல்லம்மா."

"பரவால்ல. அவசரத்துக்கு யாரு வேணா ஊத்தலாம். மறைக்கல்வி வகுப்புல சொல்லிக் குடுத்திருக்காங்க."

நர்ஸ் எத்தனையோ பிள்ளைகளைக் கையில் வாங்கியவள்தான், ஆனால் இப்படி ஒருத்தி கேட்டதில்லை. "குழந்தைக்கு இதெல்லாம் வேணாம்மா. கர்த்தர் அப்படியே ஏத்துக்குவார். என்ன பாவம் செஞ்சுச்சு அது?" என்று, தன் சபையில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னாள்.

அந்தப் பெண் அழக்கூட இல்லை. "அவர் ஏத்துக்குவார் சிஸ்டர், எனக்குத் தெரியும். ஆனா நான் இவளுக்குப் பால் குடுக்கல, சட்டை போடல, தூக்கக்கூட இல்ல. அம்மான்னு நான் செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதான். அதையும் வேணாங்கறீங்களே," என்றாள்.

நர்ஸ் தாயின் கட்டிலைத் தள்ளிக்கொண்டுபோய் விளக்கின் பக்கத்தில் நிறுத்தினாள். குழாய்த் தண்ணீர் ஆகாது, அந்தத் தோல் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. ஊசி மருந்து கலக்குகிற சுத்தத் தண்ணீர், பத்து மில்லிக் குப்பி ஒன்றை எடுத்தாள். சில்லென்று பட்டால் குழந்தை நடுங்கும் என்று இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடாக்கினாள். குப்பியின் கழுத்தை உடைத்தாள். தாய் சொன்ன பெயரைச் சொல்லி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சில சொட்டு, நெற்றிக்கு மேலே ஊற்றினாள். குழந்தை ஒரு கையை விரித்து மூடியது. மூன்று மணிக்கு, தாயின் நெஞ்சில் கிடத்தியிருந்தபோது, போய்விட்டது. நர்ஸ் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னாமல் படுத்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கோவிலில் இருந்து ஃபாதர் வந்தார். கூடவே கோவில் வேலைகளில் அவருக்குத் துணையாக இருக்கும் உபதேசியார், கக்கத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டோடு. நர்ஸுகள் டீ குடிக்கிற அறையில் உட்கார்ந்தார்கள். ஃபாதர் சின்ன வயசு. உபதேசியார் பழுத்த பழம். பேனாவைத் திறப்பதற்கு முன்பே உபதேசியார் இழுக்க ஆரம்பித்தார்.

"பிரிஞ்சு போன சபை ஆளு ஊத்தினது செல்லுமா ஃபாதர்? இவங்கல்லாம் நம்மளைக் கிறிஸ்தவங்கன்னே ஒத்துக்கறதில்லையே."

அவளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஐயா, செத்துக்கிட்டிருந்த பிள்ளை என்னைப் பாத்து நீ எந்தக் கட்சின்னு கேக்கல. நீங்க கேக்கறீங்க. அன்னைக்கு ரெண்டரை மணிக்கு நீங்க வந்து ஊத்தியிருக்கலாமே? நானா வேணாம்னேன்?"

உபதேசியார் மூக்கு உடைந்து, பதிவேட்டின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். ஃபாதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "செல்லும் உபதேசியாரே. யாரு ஊத்தினாலும் செல்லும், கிறிஸ்தவரே இல்லாதவர் ஊத்தினாலும் செல்லும். இவங்க நம்மளை என்ன நினைக்கிறாங்கங்கறது வேற விஷயம். தண்ணி, வார்த்தை, மனசு, இந்த மூணும் இருந்தாப் போதும்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "தண்ணி ஊத்தினீங்க, வார்த்தை சொன்னீங்க. மூணாவது ஒண்ணு கேக்கணும்மா. ஊத்தும்போது உங்க மனசுல என்ன இருந்துச்சு?"

"என்ன இருக்கும்? அந்தப் பொண்ணு எதைக் கேட்டாளோ, உங்க கோவில்ல எதைச் செய்வீங்களோ, அதைக் குறை வைக்காம செஞ்சுடணும்னு இருந்துச்சு."

"அது போதும்," என்றார் ஃபாதர். எழுதினார். எழுதி முடித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "உங்க சபையில இதுக்குப் பிரச்சினை வரலாம். வந்தா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. சும்மா ஆறுதலுக்குச் செஞ்சேன், மனசுல ஒண்ணுமில்லன்னு பின்னால நீங்களே சொன்னீங்கன்னா, நான் எழுதின இந்த வரிக்கு அர்த்தமில்லாமப் போயிடும். அந்தப் பொண்ணு இதை வெச்சுத்தான் எந்திரிச்சு நடக்குது."

அவள் தலையை ஆட்டினாள். அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிரச்சினை வந்தது, அதுவும் நன்றியின் வடிவத்தில். முப்பதாம் நாள் பூசைக்கு அந்தத் தாய் ஒரு கார்டு அடித்தாள். கீழே, என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பெரிய சிஸ்டருக்கு நன்றி என்று போட்டதோடு நிறுத்தியிருக்கலாம். பாவம், முழு மரியாதை செய்ய வேண்டுமென்று, இன்ன சபை பாஸ்டரின் தங்கை என்பதையும் சேர்த்து அச்சடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். அது பொழுது சாய்வதற்குள் டயர் கடை மாடிக்கு வந்து சேர்ந்தது.

சபையில் பாஸ்டருக்கு அடுத்த இடத்தில் ஒரு மூப்பர் உண்டு. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கத்தோலிக்கக் கோவிலில் சண்டை போட்டுக்கொண்டு இங்கே வந்தவர். விட்டு வந்த வீட்டின் மேல் அவருக்கு இருந்த கோபம் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூடக் கிடையாது. "பாஸ்டரோட தங்கச்சியே கத்தோலிக்கச் சடங்கு செஞ்சா மத்தவங்களுக்கு என்ன சொல்றது?" என்று நாலு வீட்டுக்குப் போன் போட்டார். இரண்டு குடும்பம் சபையை விட்டே போய்விடுவோம் என்றது.

வியாழக்கிழமை அண்ணன் அவளைக் கடைக்கு வரச் சொன்னார். ஒரு பழைய ஃப்ரிட்ஜைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, அதன் முதுகைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஏன்மா இப்படி ஒரு காரியம் செஞ்ச?"

"நீ அங்க இருந்திருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"ஜெபம் பண்ணியிருப்பேன்."

"நானும் அதைத்தாண்ணா பண்ணேன். கூடக் கொஞ்சம் தண்ணி இருந்துச்சு."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது, உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தார். "இந்தப் பாரு. உன்னை நான் வெளிய தள்ளணும்னு நினைக்கல. பாம்பும் சாகக் கூடாது, கம்பும் உடையக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை எந்திரிச்சு ஒரே ஒரு வரி சொல்லு. அந்தப் பொண்ணு மனசு ஆறுறதுக்காகச் சும்மா தண்ணி விட்டேன், ஞானஸ்நானம்னு நினைச்சு செய்யலன்னு சொல்லு. முடிஞ்சுபோச்சு. எல்லாரும் ஆமென் சொல்லுவாங்க. நீ பந்தியில உக்காரலாம்."

"நினைச்சுதானே செஞ்சேன்."

"அது உனக்கும் கர்த்தருக்கும். சபைக்கு இதைச் சொல்லு."

"சொல்லலேன்னா?"

அண்ணன் ஸ்க்ரூட்ரைவரைத் திரும்பக் கையில் எடுத்தார். "சொல்ற வரைக்கும் தட்டு உனக்கு வராது," என்றார். சொல்லும்போது அவர் குரல் உடைந்ததை அவள் கவனித்தாள். அந்தக் குரல் அவளுக்கு ஆத்திரத்தைத்தான் கூட்டியது. அழுதுகொண்டே அடிக்கிறவனை என்ன செய்வது?

பொய் சொல்லக் கூடாது, ஆசை வரவேயில்லை என்று நான் சொன்னால் அது பொய். ஆசை வந்தது. அன்று சாயந்திரம் பாத்திரம் கழுவிக்கொண்டே அந்த வரியைச் சொல்லிப் பார்த்தாள். "சும்மா ஆறுதலுக்குத்தான் செஞ்சேன்." வாயில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. இவ்வளவு சுலபமா? அவளுக்கே பயமாகிவிட்டது. ஒரு வரி சொன்னால் அண்ணன் கிடைப்பார், பந்தி கிடைக்கும், நாற்பது நாற்காலியும் கிடைக்கும். பஸ் ஓட்டுகிற ஒரு பெண்ணுக்கு மட்டும் கையில் இருந்த ஒன்றும் போய்விடும். அவளுக்கு இவள் என்ன உறவு, என்ன முறை? ஒன்றும் கிடையாது. அதனால்தான் இவளை விட்டால் அதைக் காப்பாற்ற வேறு ஆளும் கிடையாது. தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

வேறொரு வழியும் இருந்தது. விஷயம் கேள்விப்பட்ட உபதேசியார் ஆஸ்பத்திரிக்கே வந்து, "அம்மா, அவங்க துரத்தினா நம்ம கோவிலுக்கு வந்துடுங்க, கதவு திறந்தே இருக்கு," என்றார். அன்றைக்குப் பேசிய பேச்சு அவருக்கு மறந்துபோயிருந்தது போலும்.

"எதுக்குங்க? அங்க வந்தா என் சபைக்காரங்க கிறிஸ்தவங்க இல்லன்னு நீங்க சொல்லுவீங்க. ஒரே பாட்டை ரெண்டு இடத்துல கேக்க எனக்குத் தெம்பு இல்ல," என்று அனுப்பிவைத்தாள்.

ஞாயிறு வந்தது, முதல் ஞாயிறு. இரண்டாவது வரிசையில் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பந்திக்கு முன்னால ஒரு சகோதரி ரெண்டு வார்த்தை பேசுவாங்க," என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது, சுருக்கென்று குத்தியது.

எழுந்து திரும்பினாள். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், அந்தத் தாய் உட்கார்ந்திருந்தாள்.

யார் சொல்லி வந்தாளோ, ஆயாக்கள் வாய்க்குப் பூட்டு ஏது? ஸ்கூல் பஸ் ஞாயிற்றுக்கிழமை கல்யாண வாடகைக்கு ஓடும், அந்த டிரைவர் சட்டையோடு வந்திருந்தாள். ஒரு மாதத்தில் முகம் பாதியாகியிருந்தது. நீங்கள் மனசாரத்தான் ஊற்றினீர்களா என்று அவள் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் மாடிப்படி ஏறி வந்திருக்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. நர்ஸ் தன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு ஒரு குழந்தை செத்துக்கிட்டிருந்துச்சு," என்று ஆரம்பித்தாள். "அதோட அம்மா ஞானஸ்நானம் குடுங்கன்னு கேட்டா. குடுத்தேன்."

கண்ணாடிக் கடைக்காரர் எழுந்துவிட்டார். "அக்கா, அவங்க கிறிஸ்தவங்களே இல்ல. அவங்க சடங்கை நாம எப்படி..."

"கிறிஸ்தவங்க இல்லையா? அப்ப நான் யார் பேரைச் சொல்லி ஊத்தினேன்? பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு சொன்னேன். இந்த ஹால்ல என்னை முழுக்கி எடுத்தப்ப அண்ணன் சொன்னதும் அதேதான். அங்க ஒரு பிதா, இங்க ஒரு பிதா, ரெண்டு பேரா? நீங்களே சொல்லுங்க, ரெண்டு இடத்துலயும் இருந்தவரு நீங்கதான்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடைக்காரர் முகம் சிவந்து உட்கார்ந்தார்.

"அவங்க செய்யற எல்லாம் சரின்னு நான் சொல்லல," என்றாள் அவள். "பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம் தேவையில்லன்னுதான் நான் இன்னைக்கும் நம்புறேன். அவங்க தேவைன்னு நம்புறாங்க. மேல போயி கர்த்தர்கிட்டயே கேட்டுக்கலாம், அவசரமில்ல. ஆனா என் கையைப் பிடிச்சு ஒருத்தி கேட்டப்போ, இது உன் வீட்டு வழி, என் வீட்டு வழி இல்லன்னு கையை உதறிக்கிட்டு வந்திருந்தா, நான் என்ன கிறிஸ்டின்?"

அண்ணன் மெதுவாக, கெஞ்சுகிற குரலில் கேட்டார்: "ஆறுதலுக்காகத்தானேம்மா செஞ்ச? ஞானஸ்நானம்னு நினைச்சு செய்யலதானே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். அவ்வளவு தூரம் அண்ணன் அவளுக்காகப் பாதையைப் பெருக்கி வைத்திருந்தார்.

அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, கடைசி வரிசையைப் பார்த்துச் சொன்னாள்: "நினைச்சுதான் செஞ்சேன். சும்மா இல்ல. மனசாரத்தான் ஊத்தினேன். அது ஞானஸ்நானம்தான். நாளைக்கு இன்னொருத்தி கேட்டாலும் ஊத்துவேன்."

கடைசி வரிசையில் அந்தப் பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழட்டும் என்று நர்ஸ் நினைத்தாள். இந்த ஹாலில் அழுதால் யாரும் தடுக்க மாட்டார்கள், அது அவளுக்குத் தெரியும்.

அண்ணன் கண்ணை மூடித் திறந்தார். "அப்ப பந்தியில..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"தெரியும்ணா," என்றாள். நடந்துபோய்க் கடைசி வரிசையில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டு வந்தது. தூக்கி வந்தவர் டயர் கடையில் வேலை செய்கிறவர், இவள் கையில் மூன்று பிள்ளைகளைப் பெற்றெடுத்தவளின் புருஷன். இருவர் முன்னாலும் நிற்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே நடந்துபோனார். அவள் முழங்கால் மேல் கைகளை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் ஈரமானது, அதை அவள் துடைக்கவில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் படியிறங்கினார்கள். சிலர் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள், சிலர் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள். அந்தப் பெண் நர்ஸின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மத்தியான வண்டி இருக்கிறது என்று கிளம்பினாள். நாற்காலிகளை அடுக்க அண்ணன் மட்டும் மிஞ்சினார். ஒன்றை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தவர், கடைசியில் அவள் எதிரே வந்து நின்றார்.

"அடுத்த மாசம் பந்தி ஞாயித்துக்கு மட்டும் வராதம்மா."

"ஏன்? நாற்காலி பத்தாதா?"

"உனக்கு முன்னாலயே தட்டைத் தாண்டிக் கொண்டுபோகச் சொல்றது எனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கு தெரியுமா?"

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கஷ்டமாத்தான் இருக்கணும்ணா. அதுக்குத்தான் ஒவ்வொரு மாசமும் வரப்போறேன்."